இருக்கிறாயா என்னும் கேள்வி

தியாகராய நகரில் உஸ்மான் ரோட்டுக் கடையொன்றில் புடவை வாங்கிக் கைப்பேசியால் பணம் செலுத்துவதானாலும், மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டி கலிபோர்னியாவில் இருக்கும் பேரனின் முகத்தைப் பார்ப்பதானாலும், அடையாற்றில் ஒரு மாணவி பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்புவதானாலும், அத்தனைக்கும் இன்று ஆதாரமாக நிற்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு தொடர்பு. அது இருக்கும்வரையில் அதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை; அறுந்துவிட்டாலோ, ‘நெட் இல்லை’ என்று சொல்லுவதோடு நம்முடைய விசாரணை முடிந்துவிடுகிறது. எங்கே இல்லை? கையிலுள்ள கருவியிலா, வீட்டு ரூட்டரிலா, தெருவில் ஓடும் ஃபைபரிலா, சேவை தரும் நிறுவனத்தின் நிலையத்திலா, கடலுக்கு அடியிலா, அல்லது எங்கோ தூரதேசத்தில் நாம் நாடிய அந்த யந்திரத்திலேயேவா? இவ்வளவு இடங்களில் எந்த இடத்தில் குறை என்று தெரியாமல், சிலர் கைப்பேசியை மாற்றுகிறார்கள். சிலர் கம்பெனியை மாற்றுகிறார்கள். பெரும்பாலோர் ரூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டுத் தெய்வத்தின்மேல் பாரத்தைப் போடுகிறார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கு விடை காணும் வழி ஒன்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகவே இருந்துவருகிறது; இன்று ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் காசு செலவின்றிக் கிடைக்கிறது. ‘பிங்’ என்பது அதன் பெயர். நெட்வொர்க் வேலை செய்பவர்கள் நாளொன்றுக்குப் பல முறை ‘பிங் போட்டுப் பாரு’ என்று சொல்லிக்கொள்ளும் இந்தப் பரிசோதனை, அவர்களுடைய தொழில் ரகசியம் அன்று. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொண்டு வாழ்நாள் முழுவதும் உபயோகிக்கக் கூடிய வித்தை. அதைப் பொதுஜனங்கள் அறிந்திருப்பது அவசியம் என்ற எண்ணத்தினாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் அது செய்யும் காரியத்தைப் பார்ப்போம். தபால் இலாகாவில் முன்பு ‘ரிப்ளை கார்டு’ என்று ஒன்று விற்றார்கள்: ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கார்டுகள், ஒன்றில் நாம் எழுதி அனுப்பினால், பெற்றவர் மற்றொன்றைக் கிழித்துத் தம் கைக்காசு செலவில்லாமல் பதில் எழுதிப் போடுவார். பிங் அனுப்புவதும் அத்தகைய ஒரு கார்டுதான். பெறுகிற யந்திரம் அதில் புதிதாக ஒன்றும் எழுதவேண்டியதில்லை, வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்பினால் போதும் என்பதொன்றே வித்தியாசம். இணையத்தில் எந்தச் செய்தியும் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்தே போகிறது. அவற்றைப் பாக்கெட் என்பார்கள். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்பியவருடைய விலாசமும் பெறுபவருடைய விலாசமும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பிங் அனுப்பும் பாக்கெட்டில் ‘இது எதிரொலி வேண்டும் விண்ணப்பம்’ என்பதற்கு அடையாளமாக 8 என்னும் எண் இருக்கும். திரும்பி வரும் பாக்கெட்டில் ‘இது எதிரொலி’ என்பதற்கு அடையாளமாக 0 இருக்கும். புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒப்பிட்டு, இடையே கழிந்த காலத்தை ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லி செகண்டுக் கணக்கில் பிங் நமக்குச் சொல்லிவிடுகிறது.

இந்த எதிரொலிக்கான விதியை வகுத்தவர் ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. இணையத்தின் போக்குவரத்து விதிகளை எழுதி வைக்கும் ஆர்.எஃப்.சி. என்னும் பத்திர வரிசையில், 792-ஆவது பத்திரமாக 1981 செப்டம்பரில் அவர் வெளியிட்டதுதான் ஐ.சி.எம்.பி. என்னும் விதித்தொகுப்பு. பாக்கெட்டுகள் வழியில் தடைப்பட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்வதற்கென்று ஏற்பட்ட அந்தத் தொகுப்பில், எதிரொலியும் ஓர் அங்கமாக இடம்பெற்றது. விதி இருந்தது; ஆனால் அதைச் சாமானியர் கையில் எடுத்து ஆளுவதற்கு ஒரு கருவி இரண்டாண்டுகள் கழித்துத்தான் பிறந்தது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து அபர்டீனில் இருந்த ராணுவ பாலிஸ்டிக் ஆராய்ச்சிச் சாலையில் மைக் மூஸ் என்பவர் உத்தியோகம் பார்த்துவந்தார். 1983 ஜூலையில் நார்வே தேசத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், டேவிட் மில்ஸ் என்னும் விஞ்ஞானி, எதிரொலிப் பாக்கெட்டுகளைக் கொண்டு பாதையின் தாமதத்தை அளக்கும் தம்முடைய முயற்சியை அவரிடம் விவரித்திருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஆராய்ச்சிச் சாலையின் நெட்வொர்க் விபரீதமாக நடந்துகொள்ளத் தொடங்கியபோது, மூஸுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. ஒரே மாலைப் பொழுதில் உட்கார்ந்து இந்தப் புரோகிராமை எழுதி முடித்தார். எழுதி முடித்த சமயத்தில் அந்தக் கோளாறு சரியாகிவிட்டிருந்தது. ஆனால் எழுதியதை அவர் ஒதுக்கி எறியவில்லை. அது யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களோடு சேர்ந்து உலகெங்கும் பரவி, பிறகு எல்லா வகைக் கம்ப்யூட்டர்களிலும் குடியேறிவிட்டது. கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது மறைந்திருக்கும் பொருளின்மேல் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத் தூரத்தை நிர்ணயிக்கும் சோனார் கருவியைப் பற்றிக் கல்லூரி நாட்களில் ஆராய்ந்தவர் மூஸ். அந்தக் கருவி எழுப்பும் ஓசையையே தம் படைப்புக்குப் பெயராக வைத்தார். 2000 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் அவர் காலமானார். எத்தனையோ பெரிய ராணுவக் காரியங்களுக்கிடையே அவர் ஒரு மாலையில் செய்த இந்தச் சிறு காரியமே அவர் பெயரை நிலைநிறுத்தியிருக்கிறது.

இனி, பிங் சொல்லும் பதிலை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். கம்ப்யூட்டரில் கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டி, ஓர் இடம் விட்டு, நாம் விசாரிக்க விரும்பும் யந்திரத்தின் எண்ணையோ பெயரையோ தட்டினால், வரி வரியாகப் பதில் வரும். விண்டோஸ் நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். லினக்ஸும் மேக்கும் நாம் நிறுத்தும் வரையில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வரியில், 64 பைட்டுகள், வரிசை எண் 1, டி.டி.எல். 57, நேரம் 4 மில்லி செகண்டு என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 64 பைட்டுகள் என்பது திரும்பி வந்த செய்தியின் அளவு. வரிசை எண் என்பது நாம் அனுப்பியவற்றில் எத்தனையாவதற்கு இது பதில் என்பதைக் குறிக்கும். 1, 2, 3 என்று வந்துகொண்டிருந்து, 4 இல்லாமல் 5 வந்தால், நாலாவது வழியில் தொலைந்துபோயிற்று என்று அறியலாம். நேரம் என்பது போய்வந்த மொத்தக் காலம்.

டி.டி.எல். என்பது சற்று விசேஷமானது. விலாசம் தவறிய பாக்கெட் ஒன்று முடிவேயில்லாமல் நெட்வொர்க்குக்குள் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் புறப்படும்போதே ஓர் ஆயுள் எண் விதிக்கப்படுகிறது. வழியில் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழித்துக்கொண்டே வரும். எண் பூஜ்யமானால் பாக்கெட் அங்கேயே அழிக்கப்பட்டு, அனுப்பியவருக்குத் தகவல் போகும். லினக்ஸ் யந்திரங்கள் பெரும்பாலும் 64 என்றும், விண்டோஸ் யந்திரங்கள் 128 என்றும் இந்த ஆயுளை விதிக்கின்றன. ஆகவே 57 என்று வந்தால், பதில் 64-இல் புறப்பட்டு ஏழு ரூட்டர்களைக் கடந்து நம்மிடம் சேர்ந்தது என்று அனுமானிக்கலாம். இந்த ஆயுள் எண்ணையே ஒரு யுக்தியாக மாற்றியவர் வான் ஜேக்கப்ஸன். வேண்டுமென்றே ஆயுளை 1 என்றும், பிறகு 2 என்றும், பிறகு 3 என்றும் வைத்துப் பாக்கெட்டுகளை அனுப்பினால், வழியிலுள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றும், ‘இதன் ஆயுள் என்னிடம் முடிந்தது’ என்று தன் விலாசத்தோடு எழுதி அனுப்பும். அவற்றை வரிசையாக அடுக்கினால் பாதை முழுவதும் பிரத்யட்சமாகிவிடும். 1987-இல் அவர் இயற்றிய அந்தக் கருவிக்கு டிரேஸ்ரூட் என்று பெயர். பிங் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கிறது, டிரேஸ்ரூட் ‘எவ்வழியாக?’ என்று கேட்கிறது.

பிங்கின் சிறப்பெல்லாம் அதைக் கிரமமாக உபயோகிப்பதில் இருக்கிறது. கிரமம் என்பது அண்மையில் தொடங்கிச் சேய்மைக்குப் போவது. முதற்படி, 127.0.0.1 என்னும் எண்ணுக்குப் பிங் போடுவது. அது எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்தக் கம்ப்யூட்டரையே குறிக்கும் விலாசம். அங்கே பதில் வந்தால் நம் யந்திரத்தின் நெட்வொர்க் மென்பொருள் சரியாக இருக்கிறது. இரண்டாவது, வீட்டு ரூட்டர். பல வீடுகளில் அது 192.168.1.1 என்றிருக்கும், அங்கே பதில் வந்தால் வைஃபையோ கம்பியோ சரியாக இருக்கிறது. மூன்றாவது, சேவை நிறுவனத்தின் வாயில். டிரேஸ்ரூட் காட்டும் இரண்டாவது விலாசம் பெரும்பாலும் அதுவே. அங்கிருந்து பதில் வந்தால் தெருவில் ஓடும் ஃபைபரும் நன்றாக இருக்கிறது. நான்காவது, வெளியுலகத்தில் எப்போதும் பதில் சொல்லும் ஓர் எண், 8.8.8.8 என்னும் கூகுள் விலாசத்தைப் பலரும் இதற்கு உபயோகிக்கிறார்கள். ஐந்தாவது, எண்ணாக இல்லாமல் பெயராகவே ஒரு தளத்தைக் கேட்பது. எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கேட்டால் மட்டும் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்று வந்தால், பாதையில் குறையில்லை, பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டி.என்.எஸ். ஏற்பாட்டில்தான் குறை என்பது நிச்சயம். ஐந்து படிகளில் எந்தப் படியில் பதில் நின்றதோ, அதற்கும் அதற்கு முந்திய படிக்கும் இடையில் குறை இருக்கிறது. இதைக் காட்டிலும் நேர்மையான தர்க்கமுறை வேறு எந்தத் தொழிலிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில் அண்மையில் நான் கண்ட காட்சி இந்த முறையின் பெருமையை நன்கு விளக்கும். பேரனோடு பேசும்போது படம் உறைந்து உறைந்து நிற்கிறது என்று அந்த வீட்டு அம்மாள் புகார் கொடுத்திருந்தார். சேவை நிறுவனத்திலிருந்து ஒரு வாலிபர் லாப்டாப்போடு வந்திருந்தார்.

“விளக்கெல்லாம் பச்சையாத்தானேப்பா எரியறது? அவன் பேசறது மட்டும் விட்டு விட்டுக் கேக்கறதே. வாய் அசையறது, சத்தம் வரலை” என்றார் அம்மாள்.

“சிவப்பு விளக்கு எரியலையேம்மா, அப்ப ஃபைபர் கட் இல்லை. ரெண்டு நிமிஷம் இருங்க, பிங் போட்டுப் பாத்துடறேன்” என்று அந்த வாலிபர் அம்மாள் வழக்கமாக உட்காரும் அறையிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். வெளியுலகத்து எண்ணுக்கு அவர் பிங் போட்டபோது சில பதில்கள் விரைவாகவும் சில மிகத் தாமதமாகவும் வந்தன. நடுநடுவே ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்னும் வரி தோன்றியது. வேறொருவராயிருந்தால் லைனில் கோளாறு என்று முடிவுகட்டியிருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு படி பின்வாங்கி, அதே வீட்டிலுள்ள ரூட்டருக்கே பிங் போட்டார். இருபதடி தூரத்திலுள்ள அந்தப் பெட்டியிலிருந்தும் பதில் அதே மாதிரி தடுமாறித்தான் வந்தது. உடனே ரூட்டர் இருந்த அறைக்குப் போய், அதன் பக்கத்தில் நின்று மறுபடியும் இரண்டுக்கும் போட்டார். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராக, இரண்டு மூன்று மில்லி செகண்டில் வந்து குவிந்தன.

“லைன் நல்லா இருக்கும்மா. அந்த ரூம்லதான் பாக்கெட் டிராப் ஆகுது. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாடி வெச்சிருக்கீங்களே, ஹாலுக்கு மாத்திட்டாப் போதும்” என்றார். அப்படியே மாற்றினார், குறை தீர்ந்தது. அவர் உபயோகித்த கருவி அற்பமானது. ஆனால் தூரத்தில் தென்பட்ட குறையைத் தூரத்திலேயே தேடிக்கொண்டிராமல், அருகே வந்து விசாரித்த அந்த ஒழுங்கு அற்பமானதல்ல.

பிங் சொல்லும் நேரத்துக்குள் பூகோள சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது; அதாவது ஒரு மில்லி செகண்டில் 200 கிலோமீட்டர். போகவும் வரவும் சேர்த்துப் பார்த்தால், பிங்கில் ஒவ்வொரு மில்லி செகண்டும் அதிகமாகப் போனால் 100 கிலோமீட்டர் தூரத்தைக் குறிக்கும். மேலே சொன்ன உதாரணத்தில் 4 மில்லி செகண்டில் பதில் வந்தது என்றால், பதில் சொன்ன யந்திரம் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது; எந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது சென்னையிலோ, அதிலிருந்து அந்தத் தூரத்துக்குள்ளோதான் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். கலிபோர்னியாவோ நேர்க்கோட்டில் அளந்தாலும் 13,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஆகவே 130 மில்லி செகண்டுக்குக் குறைந்து அங்கிருந்து எதிரொலி வர எந்த யந்திரத்தாலும் வழியில்லை. வடங்கள் நேர்க்கோட்டில் செல்லாமல் சுற்றிச் செல்வதால் 200-ஐத் தாண்டுவதே வழக்கம். பாட்டியின் கேள்விக்கும் பேரனின் பதிலுக்கும் இடையே உண்டாகும் அந்தச் சிறு தயக்கத்தில் ஒரு பகுதியை எவ்வளவு பணம் கொடுத்தாலும் நீக்க முடியாது. அது பூமியின் அளவு விதித்த தாமதம்.

சாந்தோம் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குகிறவருக்குத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ஆனால் சென்னைக் கரையிலிருந்து புறப்பட்டு வங்கக் கடலின் அடித்தளத்தில் கிடக்கும் கண்ணாடி இழை வடங்கள் இந்நகரத்தை உலகத்தோடு பிணைத்திருக்கின்றன. 2002-ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த ஐ2ஐ வடம் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். சென்னையைச் சிங்கப்பூரோடு இணைப்பது. கணக்குப்படி அதில் போய்வர 32 மில்லி செகண்டு ஆகவேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நல்ல இணைப்பில் பிங் போட்டால், ஏறக்குறைய அந்த எண்ணையே ஒட்டிப் பதில் வரக் காணலாம். பல்லாயிரம் மீன்பிடி படகுகளுக்கும் கப்பல்களுக்கும் கீழே ஒளி ஓடி மீண்டதை, வீட்டுக்குள் இருந்தபடியே இப்படி அளந்துவிடும்போது மனத்தில் எழும் வியப்பு, விஞ்ஞானத்தின் மெய்யான இன்பங்களில் ஒன்று.

இதைக் காட்டிலும் உருக்கமான உதாரணம் அந்தமான். வெகுகாலம் அந்தமான் நிகோபார் தீவுகள் வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக் கோள்களையே நம்பியிருந்தன. பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்திருப்பதுபோலச் சுற்றும் கோளுக்கு ஏறி இறங்கி, பதிலும் அப்படியே ஏறி இறங்கிவர வேண்டுமானால், ஆகாயத்தில் ஒளியின் முழு வேகமாகிய செகண்டுக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், ஏறக்குறைய அரை செகண்டு கழிந்துவிடும். கேட்பதற்கு அரை செகண்டு அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் இரு யந்திரங்களும் பல முறை கேட்டும் பதில் சொல்லியும் ஆகவேண்டும். ஒவ்வொரு முறைக்கும் அரை செகண்டு என்று கூட்டிப் பார்த்தால் அத்தீவுவாசிகளின் பொறுமை எவ்வளவு சோதிக்கப்பட்டது என்பது விளங்கும். 2018 டிசம்பர் 30-ஆம் தேதி போர்ட் பிளேரில் அஸ்திவாரமிட்டு, 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த சென்னை–அந்தமான் கடலடி வடம், மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ளது; போர்ட் பிளேரோடு வேறு ஏழு தீவிடங்களையும் அது சென்னையோடு சேர்த்தது. அரை செகண்டாக இருந்த எதிரொலி, இந்த வடத்தின் வழியே, கணக்குப்படி அதில் இருபதில் ஒரு பங்குக்குச் சமீபமாகச் சுருங்கிவிடுகிறது. விழா மேடையில் சொல்லப்படும் வார்த்தைகளைவிட, ஒரு தீவுவாசி தன் வீட்டில் போடும் ஒரு பிங் அந்த மாறுதலைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும்.

தூரம் மட்டுமல்ல, பாதையின் நியாய அநியாயமும் பிங்கில் தெரியும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் உட்படச் சில உயர்கல்வி நிறுவனங்களைக் கொண்டு 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி நெட்வொர்க்கே இந்நாட்டில் இணையத்துக்கு வித்திட்டது; 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. கம்பெனிகள் பெருகியபின் ஒரு விசித்திரம் நேர்ந்தது. இரண்டு இந்தியக் கம்பெனிகளுக்கு உள்நாட்டில் நேரடியான இணைப்பு இல்லாவிட்டால், ஒன்றன் வாடிக்கையாளர் மற்றொன்றன் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பாக்கெட் வெளிநாட்டுக்குப் போய், அங்கே கைமாறித் திரும்பி வந்தது. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு அனுப்பியதும் அந்தப் பிரயாணத்துக்கு உட்படக்கூடியதாக இருந்தது. நாலைந்து கிலோமீட்டர் தூரத்துக்குப் பிங் போட்டு நூற்றுக்கணக்கான மில்லி செகண்டு பதிலாக வந்தால், அறிந்தவர்களுக்கு உண்மை புரிந்துவிடும். உள்நாட்டுப் போக்குவரத்து உள்நாட்டிலேயே கைமாற வேண்டும் என்பதற்காக 2003-இல் நிக்ஸி என்னும் தேசிய இணையச் சந்தி நிறுவப்பட்டது. சென்னையும் அதன் மையங்களில் ஒன்று.

இதுகாறும் பதில் வரும்போது என்ன அறியலாம் என்று பார்த்தோம். பதில் வராதபோது என்ன அறியலாம் என்பதே இந்த விஷயத்தில் மிகவும் நுட்பமான பகுதி. பலரும் வழுக்கி விழும் இடமும் அதுவே. எதிரொலி கேட்டால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று 1989 அக்டோபரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1122 விதித்தது. அந்தக் காலத்து இணையம் ஒருவரையொருவர் நம்பியவர்களின் சமூகம். பிறகு துஷ்டர்கள் புகுந்தார்கள். ஒரு பாக்கெட்டுக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவாகிய 65,535 பைட்டுகளைத் தாண்டும்படி சூழ்ச்சியாகத் தயாரித்த எதிரொலி விண்ணப்பம் ஒன்றை அனுப்பினாலே பல யந்திரங்கள் செயலிழந்து விழுந்துவிடும் என்பது 1996-இல் வெளிப்பட்டது; அதற்கு ‘மரணப் பிங்’ என்றே பெயர் வழங்கிற்று. அந்தப் பலவீனம் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அச்சம் நீங்கவில்லை. ஆகவே இன்றும் பல வங்கிகளும் சர்க்கார் அலுவலகங்களும் தங்கள் யந்திரங்களுக்கு முன்னால் ஃபயர்வால் என்னும் காவலை நிறுத்தி, பிங் வந்தால் பதில் சொல்லாதே என்று கட்டளையிட்டிருக்கின்றன. அத்தகைய யந்திரம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குச் சேவை செய்துகொண்டே, நம் பிங்குக்கு மட்டும் மௌனம் சாதிக்கும்.

அப்படியானால் மௌனத்துக்குப் பொருளே இல்லையா? உண்டு, ஆனால் நிபந்தனையோடு. நம் தேசத்துத் தர்க்க சாஸ்திரிகள் இந்தக் கேள்வியை வெகுகாலத்துக்கு முன்பே தீர ஆராய்ந்திருக்கிறார்கள். குமாரிலபட்டரின் மீமாம்சையும் அத்வைத வேதாந்தமும் அனுபலப்தி என்பதை ஒரு தனிப் பிரமாணமாக ஏற்றுக்கொண்டன. ஒரு பொருள் புலப்படாமையே அது இல்லை என்பதற்குச் சான்றாகும் என்பது அதன் சாரம். ஆனால் அவர்கள் அதற்கு ஒரு கட்டுப்பாடு விதித்தார்கள்: இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளாக இருந்தால் மட்டுமே அந்தச் சான்று செல்லும். வெளிச்சத்தில் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டில் பார்த்துச் சொல்லக்கூடாது. 1906-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் ஸ்தாபித்த சம்ஸ்கிருதக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் கேட்கப்பட்ட சாஸ்திரங்கள் இவை. அந்த நியதியை நெட்வொர்க் பரிசோதனைக்கு அப்படியே பொருத்தலாம். நேற்றுவரை பிங்குக்குப் பதில் சொல்லிவந்த யந்திரம் இன்று மௌனமாக இருந்தால், அந்த மௌனம் சான்று. என்றைக்குமே பதில் சொல்லாத யந்திரம் இன்றும் சொல்லவில்லை என்றால், அதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே நெட்வொர்க்கை நிர்வகிப்பவர்கள், எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே பிங் போட்டு, எது பதில் சொல்லும், எவ்வளவு நேரத்தில் சொல்லும் என்று குறித்து வைத்துக்கொள்கிறார்கள். நல்ல நாளின் குறிப்பு இல்லாதவனுக்குக் கெட்ட நாளின் பிங் அதிகம் பயன்படாது.

பதில் வந்தாலும் அதற்கு மிஞ்சிய பொருள் கொள்ளக்கூடாது. பாதை திறந்திருக்கிறது, யந்திரம் விழித்திருக்கிறது என்பதையே பிங் உறுதிசெய்யும். அந்த யந்திரத்தில் ஓடும் வங்கி மென்பொருள் வேலை செய்கிறதா என்பதையோ, பாதையின் அகலம் எவ்வளவு என்பதையோ அது சொல்லாது. அண்ணா நூற்றாண்டு நூலகம் அளவு புஸ்தகங்களை ஒரே நாளில் இறக்கிக்கொள்ளக் கூடிய அகன்ற பாதையிலும் பிங் 200 மில்லி செகண்டு காட்டலாம். மிகக் குறுகிய பாதையிலும் 5 மில்லி செகண்டு காட்டலாம். பெரிய கோப்புகளை இறக்குபவருக்கு அகலம் முக்கியம். முகம் பார்த்துப் பேசுகிறவருக்கும், பங்குச் சந்தையில் வியாபாரம் செய்கிறவருக்கும், தாமதமும் அதன் சீரும் முக்கியம். கம்பெனிகளின் விளம்பரங்கள் அகலத்தைப் பற்றியே பேசுகின்றன. தாமதத்தைப் பற்றியும் தொலைந்துபோகும் பாக்கெட்டுகளைப் பற்றியும் கேட்கவேண்டியவர்கள் நாமே.

கேட்பதற்கு நமக்கு உரிமையும் இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய், 2006-இல் வகுத்த பிராட்பேண்டு தர விதிகளிலேயே, பாக்கெட் இழப்பு 1 சதவிகிதத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்றும், நிறுவனத்தின் நிலையத்திலிருந்து சர்வதேச வாயில் வரையிலான தாமதம் 120 மில்லி செகண்டுக்குள் அடங்கவேண்டும் என்றும், நிலையத்திலிருந்து செயற்கைக் கோள் வழியாக வெளிநாட்டுச் சந்தி வரையிலான தாமதமானால் 800 மில்லி செகண்டு வரை பொறுக்கலாம் என்றும் அளவுகள் குறிக்கப்பட்டிருந்தன. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபின் இணையம் பல நாட்கள் தள்ளாடியபோது, கடலடி வடம் ஒன்று சேதமுற்றதாக அறிவிப்பு வந்தது. அத்தகைய சமயங்களில், ‘எனக்கு நெட் வரவில்லை’ என்று முறையிடுகிறவருக்கும், ‘என் ரூட்டரும் உங்கள் வாயிலும் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன, அதற்கு அப்பால் நூற்றுக்கு இருபது பாக்கெட் தொலைகின்றன’ என்று நாளையும் நேரத்தையும் குறித்து எழுதுகிறவருக்கும் உள்ள வேற்றுமை மிகப் பெரிது. முன்னவருக்கு ரூட்டரை அணைத்துப் போடும்படி உபதேசம் கிடைக்கும். பின்னவருடைய கடிதத்தை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

மின்சார மீட்டரைப் படிக்கவும், காஸ் சிலிண்டரை எடைபோட்டு வாங்கவும், பால் பாக்கெட்டில் தேதி பார்க்கவும் நம் குடும்பங்கள் பழகியிருக்கின்றன. இணையமும் அவற்றைப்போலவே மாதாமாதம் காசு கொடுத்து வாங்கும் அத்தியாவசியப் பண்டமாகிவிட்ட பிறகு, அதை மட்டும் அளந்து பார்க்கத் தெரியாமல் இருப்பது தகாது. பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மாணவர்களுக்கு ஒரு நாள் இந்த ஐந்து படிகளையும் செய்து காட்டினால் போதும். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பெரியவர்களுக்குக் கற்பித்துவிடுவார்கள். இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து படிகளையும் போட்டுப் பார்த்து, வந்த எண்களை ஒரு தாளில் எழுதி ரூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கட்டும். அடுத்த முறை கோளாறு நேரும்போது, எங்கே என்ற கேள்விக்கு யாரையும் எதிர்பாராமல் தாங்களே விடை சொல்லிக்கொள்வார்கள்.